சுவரைப் பார்த்திருந்த பக்கம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பெரிய குறை எதுவும் இல்லாமல் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கித் தெம்பாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி. இதில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் நான் எழுதியதுதான். யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை, எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிற டீச்சரம்மா மூன்று இடத்தில் மட்டும் ஒற்றுப் போடச் சொன்னார், போட்டிருக்கிறேன். நான்கு நாளாக எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில் ஒரு ஆள் தன் மகளுக்குத் தானே கடிதம் எழுதுவது எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால், புது வீட்டில் முதல் அறைக்குத் தரை போட்டு முடித்துவிட்டு வாசலில் நின்று பார்ப்பது போல இருக்கும் என்று சொல்வேன். வரி மட்டும் கொஞ்சம் கீழே இறங்கிப் போகிறது. ரசமட்டத்தைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தேன், உன் அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

நீ அங்கே வேலைக்குப் போன புதிதில் நீதானே சொன்னாய், போனில் நான் பேசுவது உனக்குள் நிற்காமல் ஓடிவிடுகிறது, காகிதத்தில் இருந்தால் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம் என்று. நீ விளையாட்டாகச் சொன்னாயோ என்னவோ, நான் மறுநாளே போய்த் தொழிலாளர் சங்கத்துக் கட்டடத்தின் பின் அறையில் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சரம்மாவுக்கு உன்னைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். பகலில் பெரிய கடையில் பில் போடுகிறார், சாயங்காலம் எங்கள் பன்னிரண்டு பேரையும் மேய்க்கிறார். எண் எனக்கு முன்பே தெரியும், தரை போடும் வேலையில் அளவு நாடாவைப் பிடித்தே நாற்பது வருடம் ஓட்டியவன், எழுத்துதான் எனக்குப் பூட்டிய வீடாக இருந்தது. இப்போது தெருவில் நடந்தால் ஒவ்வொரு பலகையும் என்னைக் கூப்பிடுகிறது. உன் அம்மா என்னோடு கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். எல்லாப் பலகைக்கும் நின்று பதில் சொல்லிவிட்டு நீங்கள் மெதுவாக வாருங்கள், நான் முன்னால் போகிறேன் என்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம் என்று வைத்து எழுதியிருக்கிறேன், பக்கத்தின் மேலே எண் போட்டிருக்கிறேன். ஒரே மூச்சில் படிக்காதே. களைப்பாக இருந்தால் மடித்து வைத்துவிட்டு நாளைக்குப் படி, எழுத்து எங்கேயும் போகாது. போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு நீ வேலையை விடுவதற்கு எழுதி வைத்த கடிதத்தைப் போனில் எங்களுக்குப் படித்துக் காட்டினாய் இல்லையா. இருபத்தெட்டாம் தேதி காலை மேற்பார்வையாளரம்மா உன்னைக் கூப்பிட்டு வேலை நிரந்தரமா இல்லையா என்று சொல்லப் போகிறார், அவர்கள் போகச் சொல்வதற்கு முன் நானே கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னாய். அதில் ஒரு வரி இருந்தது. என்னுடைய சோம்பலாலும் கவனக்குறைவாலும் இந்த வேலைக்கு நான் தகுதியில்லை என்று. உன் அம்மா உடனே வந்துவிடு பாப்பா, வீடு இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம் என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். அந்த வரியைத்தான் ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஏனென்றால் அந்த இரண்டு வார்த்தையும் உனக்கு நான் கொடுத்தவை.

மறுநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே உன் ஆஸ்பத்திரிக் காகிதம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதே, அதை என் கையால் பார்த்து எழுதி உனக்கு அனுப்பலாம், ஏழு வயதில் எவ்வளவு பெரிய நோயை ஜெயித்தவள் நீ என்று அதைப் பார்த்தால் உனக்குத் தெம்பு வரும் என்று நினைத்தேன். அந்தக் காகிதத்தை நான் ஒரு நாளும் படித்ததில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் படித்திருக்கிறார்கள், நீயும் பள்ளிக்கூடம் போகும்போது நின்று படிப்பாய், நான் அதைத் துடைத்து மட்டும்தான் இருக்கிறேன். இருபது வருடத்தில் கண்ணாடிக்கு உள்பக்கம் புகை மாதிரி படிந்து கடைசி இரண்டு வரி தெரியவில்லை. சரி, திறந்து துடைப்போம் என்று பின்னால் இருந்த சின்ன ஆணிகளைக் கழற்றி அட்டையை எடுத்தேன். எடுத்தால், காகிதத்தின் பின்பக்கமும் நிறைய எழுதியிருக்கிறது. முன்பக்கத்தைவிட அதிகமாக, பொடி எழுத்தில், வரிசை எண் போட்டு.

அந்தக் காகிதத்தை ஆஸ்பத்திரியில் கொடுத்த நாளை உனக்குச் சொல்ல வேண்டும், உனக்குப் பாதி ஞாபகம் இருக்காது. டாக்டரும் முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுதி அனுப்பச் சொன்னார், எந்த டாக்டர் என்று பிறகு சொல்கிறேன். உனக்கு ஏழு வயதில் காலையில் எழுந்ததும் வாந்தி வந்தது, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தாய். தலைக்குள் பின்பக்கம் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். எடுத்த பிறகு மிச்சம் மீதி ஒளிந்திருந்தால் திரும்ப வளரும் என்று தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் கதிர்வீச்சு கொடுத்தார்கள், நாங்கள் எல்லாம் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வோம். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். உன் முகத்துக்கு அளவெடுத்து வலை மாதிரி ஒரு முகமூடி செய்தார்கள், அதைப் போட்டு மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள், தலை அசையக் கூடாது. மெஷின் ஓட்டுகிற தம்பி அதில் பூனை மீசை வரைந்து கொடுத்தான், அதனால் நீ தினமும் பூனையாகத்தான் உள்ளே போனாய். நான் வெளியே நடைபாதையில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பதினேழாவது கல் கொஞ்சம் தூக்கி நின்றது. முப்பது நாளும் அதைப் பார்த்துப் பார்த்து, அதைப் பெயர்த்துச் சரியாகப் பதித்துவிட்டால் உனக்கும் சரியாகிவிடும் என்கிற மாதிரி ஒரு பைத்தியக்கார நினைப்பு. எல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் காகிதத்தைக் கொடுத்தார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நம் தெரு எலக்ட்ரீசியன் ஏணி மேல் நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன். அவர் ஏணியில் நின்றபடியே சத்தமாகப் படித்தார். சிகிச்சை முழுமையாக முடிந்தது, பரிசோதனையில் கட்டி எதுவும் காணப்படவில்லை. அவ்வளவுதான், நான் ஏணியோடு சேர்த்து அவரைக் கட்டிப்பிடித்தேன், விழ இருந்தார். அடுத்த அரை மணியில் கண்ணாடிக்கடைக்காரர் கையில் காகிதம் இருந்தது. அதற்குப் பின்பக்கம் ஒன்று உண்டு என்று எனக்கும் தோன்றவில்லை, ஏணியில் நின்றவருக்கும் தோன்றவில்லை, அட்டை வெட்டியவருக்கும் தோன்றவில்லை. இப்போது எலக்ட்ரீசியனைப் போய்க் கேட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, முன்பக்கம் படிச்சதும் ஏணியோட சேர்த்து என்னைப் பிடிச்சு ஆட்டுனீங்களேண்ணே, நான் எங்கேர்ந்து திருப்புறது என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆஸ்பத்திரியிலும் அன்றைக்கு நர்ஸம்மா நிறையச் சொன்னார், அதெல்லாம் அவர் வாயால் சொல்லியும் இருப்பார். எனக்குக் கட்டி இல்லை என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது, மற்றதெல்லாம் ஓடிவிட்டது. போனில் நான் பேசுவது உனக்கு எப்படி ஓடுகிறது என்று இப்போது எனக்குப் புரிகிறது.

அந்தப் பின்பக்கத்தைப் படித்து முடிக்க எனக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. புரியாத வார்த்தைகளை வட்டம் போட்டுக்கொண்டு போய் டீச்சரம்மாவிடம் கேட்டேன். அதன் நகல் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது, நானே பார்த்து எழுதியது, அசலைத் தபாலை நம்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று நான் இங்கேயும் சொல்கிறேன். சின்ன வயதில் தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிள்ளைகளுக்குப் பல வருடம் கழித்தும் யோசிக்கும் வேகம் குறைவாக இருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சொன்னால் மனதில் நிற்காமல் போகலாம். கவனம் கலைந்தால் விட்ட இடத்தைப் பிடிப்பது சிரமமாகலாம். சீக்கிரம் களைப்பு வரும். இது பிள்ளையின் முயற்சிக் குறைவு அல்ல. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கேளுங்கள், பாடத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், வருடம் ஒரு தடவை நினைவாற்றலுக்கும் காதுக்கும் இரத்தத்துக்கும் பரிசோதனைக்கு வாருங்கள். கடைசியில் ஒரு வரி, இந்தக் காகிதத்தைப் பள்ளி ஆசிரியரிடம் கட்டாயம் காட்டுங்கள் என்று.

கட்டாயம் என்பதற்குக் கீழே யாரோ பேனாவால் கோடு போட்டிருக்கிறார்கள். நான் அதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இருபது வருஷமா இதைச் சுவத்துக்குக் காட்டிட்டு இருந்திருக்கோம்" என்றாள். 

நம் வீட்டில் அதிகம் சொன்ன வார்த்தை எது என்று யாராவது கேட்டால் சீக்கிரம் என்பதுதான். சீக்கிரம் எழுந்திரு, சீக்கிரம் சாப்பிடு, சீக்கிரம் சொல்லு. கடைக்குப் போய் சோப்பும் உப்பும் தீப்பெட்டியும் வாங்கி வா என்றால் சோப்பு மட்டும் வரும், உனக்கு விளையாட்டுப் புத்தி என்று நான் கத்துவேன். பஸ்ஸில் நிறுத்தம் தாண்டிப் போய் அழுதுகொண்டு திரும்பி நடந்து வந்தாய், எங்கே பார்த்துக்கொண்டு இருந்தாய் என்று கத்தினேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நாலு மணிக்குச் செருப்போடு தூங்கிப்போவாய், அதற்கும் சோம்பேறி என்று பெயர் வைத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் எட்டுக் கேள்வியில் நாலுதான் எழுதினாய், எழுதிய நாலும் சரி. உன் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, தெரியுது, ஆனா எழுத மாட்டேங்கறா என்றார். அவர் முன்னாலேயே நான் உன்னைக் கழுதை என்று திட்டினேன். நீ அழவில்லை. வெளியே வந்து கேட் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்து, "அப்பா, வேகமா இருக்கறது எப்படிப்பா?" என்று கேட்டாய். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். நான் சிரித்துவிட்டு நடந்தேன். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. நாற்பது வருடம் ரசமட்டமும் கையுமாக இருந்தவன், தரை ஒரு நூல் இறங்கியிருந்தால் காலில் தெரிந்துவிடும், பெற்ற மகள் கேட்ட கேள்வி தெரியவில்லை.

வியாழக்கிழமை அசல் காகிதத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நானும் அம்மாவும் அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கே போனோம். உன் டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஆனால் சின்ன வயதில் இந்த நோய் வந்து பிழைத்துப் பெரியவர்களானவர்களைப் பார்க்க இப்போது தனியாக ஒரு பிரிவே வைத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு டாக்டரம்மா. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் உன் வயதுக்காரர்கள். ஒரு பையன் கையில் சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, நர்ஸ் சொல்வதை எல்லாம் எழுதிக்கொண்டே, "அக்கா, ஒண்ணொண்ணாச் சொல்லுங்க" என்றான். உன்னை மாதிரியே. அம்மா என் கையைக் கிள்ளிக் காட்டினாள். உன்னை மாதிரி ஊருக்கு நீ ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே.

டாக்டரம்மா அவசரமில்லாமல் பேசினார். கட்டியைக் கொல்கிற கதிர், பக்கத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் நல்ல மூளையையும் தொட்டுவிட்டுத்தான் போகும் என்றார். மூளையில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சேதி போகிற இழைகள் இருக்கின்றன, அவற்றின் மேல் ஒரு உறை வளர வேண்டும், சின்ன வயதில் கதிர் பட்டால் அந்த உறை சரியாக வளர்வதில்லை, சேதி போகும், மெதுவாகப் போகும் என்றார். எவ்வளவு சின்ன வயதோ, எவ்வளவு அதிகக் கதிரோ, அவ்வளவுக்குப் பாதிப்புத் தெரியுமாம். கற்றதெல்லாம் மறந்துபோவது இல்லை, மற்றவர்கள் பத்துக் கற்கிற நேரத்தில் ஆறு கற்பாள், அதனால் வருடம் ஆக ஆக இடைவெளி பெரிதாகத் தெரியும் என்றார். ஆளுக்கு ஆள் மாறும், எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, அதனால்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். இனிமேல் மோசமாகுமா என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. இப்போது சொல்ல முடியாது, பரிசோதனை செய்தால் இன்றைக்கு எந்த இடத்தில் நிற்கிறாள் என்று தெரியும், அதற்குத் தகுந்த உதவி செய்ய முடியும், களைப்புக்கு இரத்தத்தில் தைராய்டு மாதிரிச் சுரப்புக் குறைவு காரணமாக இருந்தால் மாத்திரையே போதும் என்றார். இத்தனை நாள் அதைக்கூடப் பார்க்காமல் விட்டோமே என்று உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அந்தப் பக்கத்தை நான் அன்றைக்கே படித்திருந்தால் இவள் நன்றாக வந்திருப்பாளா என்று. டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "மார்க் கூடியிருக்குமான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவளைச் சோம்பேறின்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார். பாப்பா, அதை நான் காகிதத்தில் எழுதித் தரக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதைப் பற்றி அடுத்த பக்கத்தில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. கதிர் வைக்க நான்தான் கை நாட்டு வைத்தேன். அதற்காக எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்லை, இப்போதும் இல்லை. அது வைக்காவிட்டால் உனக்கு எட்டு வயதே வந்திருக்காது. மறுபடி கேட்டாலும் வைப்பேன், இப்போது கையெழுத்தே போடுவேன். என் வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான். உன்னைத் திட்டியதெல்லாம் தப்பு. என் தப்பு. நோயை ஜெயித்துவிட்டு வந்த பிள்ளையை வீட்டில் வைத்துத் தோற்கடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவை மன்னித்துவிடு. இதைப் போனில் சொன்னால் நீ உடனே பரவாயில்லைப்பா என்று சொல்லிவிடுவாய், நானும் அத்தோடு விட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். உடனே பதில் சொல்லாதே. எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன், இதைக் கவனமாகப் படி. டாக்டரம்மா நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார், ஒட்டி இருக்கிற உறையில் இருக்கிறது, பிரித்துப் படித்துக்கொள். உன் வேலையை அவருக்கு நான்தான் விளக்கினேன். அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, பட்டியலைப் பார்த்துத் தட்டில் அடுக்கி, துணி சுற்றி, கிருமி கொல்லும் சூட்டுப் பெட்டிக்கு அனுப்பும் வேலை என்றேன், பட்டியல் எப்போதும் கண் முன்னால் இருக்கிற வேலையா, நல்ல இடமாகத்தான் பிடித்திருக்கிறாள் என்றார். நீ சொல்லியிருந்த அந்த நாளையும் சொன்னேன். பாதித் தட்டு அடுக்கியிருக்கும்போது ஒருவர் கையுறை எங்கே என்று கேட்க, நீ போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து விட்ட இடம் தெரியாமல் ஒரு இடுக்கியை விட்டுவிட்டாய், உள்ளே அறுவை பத்து நிமிடம் நின்றது. அது சின்ன விஷயம் இல்லை, உள்ளே ஒரு ஆள் மயக்கத்தில் படுத்திருந்தார், அதை நான் மறைக்கவில்லை. டாக்டரம்மா அதைக் கேட்டுவிட்டு, இது கவனக்குறைவு இல்லை, வேலை நடுவில் கூப்பிட்டதால் வந்தது என்றார். கடிதத்தில் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். ஒரு தட்டு முடியும் வரை உன்னை யாரும் கூப்பிடக் கூடாது. வாயால் சொல்கிற வேலையை எழுதியும் கொடுக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கால் மணி நேரம் உட்கார விட வேண்டும். நான் புதுத் தரை போட்டால் அன்றைக்கு அந்த அறை வாசலில் குறுக்கே கயிறு கட்டிவிடுவேன், வீட்டுக்காரரே வந்தாலும் உள்ளே விடமாட்டேன். எந்த வீட்டுக்காரரும் அதற்காக என்னைக் கையாலாகாதவன் என்று சொன்னதில்லை. உன் மேஜைக்குக் குறுக்கே அப்படி ஒரு கயிறுதான் கேட்கிறார், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உன்னால் எல்லா வேலையும் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். கயிறு கட்டினால் இந்த வேலை முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாலு மாதமாகக் கயிறு இல்லாமலே அந்த ஒரு தட்டைத் தவிர மற்றதெல்லாம் சரியாகக் கொடுத்திருக்கிறாய் என்று நீயே சொன்னாய், ஒரு நாளைக்குக் குறைவான தட்டுகளையே அடுக்குகிறாய் என்பதுதான் அவர்கள் சொல்கிற இன்னொரு குறை.

அவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. மேற்பார்வையாளரம்மா கண்டிப்பானவர் என்று நீ சொல்லியிருக்கிறாய். கண்டிப்பானவர்கள் எனக்குப் பழக்கம்தான், வேலை எப்படி நடக்கிறது என்று காரணத்தோடு சொன்னால் கேட்பார்கள், காரணமே சொல்லாமல் குனிந்து நின்றால்தான் எரிச்சல் படுவார்கள். அவர் மறுத்தாலும் இந்தக் காகிதம் உன்னோடு இருக்கும், அடுத்த இடத்தில் முதல் நாளே காட்டலாம். வீட்டுக்கு வர வேண்டும் என்றாலும் வா, உன் அம்மா கட்டிலை வெயிலில் போட்டு எடுத்து வைத்துவிட்டாள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீ அங்கே தனியாக அறை எடுத்து, அடுப்பை அணைக்கக் கதவில் சீட்டு ஒட்டி, சாவிக்கு ஆணி அடித்து, எந்தப் பஸ் எந்த நிறுத்தம் என்று நோட்டில் எழுதி வைத்து நாலு மாதம் ஓட்டியிருக்கிறாய். இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொன்னதும், இவளுக்கு யார் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அப்போது அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார், அந்த மரியாதை உனக்கு வர வேண்டியது, அதனால் இங்கே அனுப்பி வைக்கிறேன்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக இல்லை. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற வாட்ச்மேன் என்னைவிட வேகமாகப் படிக்கிறார், ஆனால் அவர் பாதியை ஊகித்துப் படிக்கிறார், பலகையில் இல்லாததெல்லாம் அவர் வாயில் வருகிறது. எலக்ட்ரீசியன் இரண்டு நாளாக நம் வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை, நானே போய் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தி வந்தேன். உன் அம்மா ஒன்று எழுதச் சொன்னாள். நம் வீட்டில் யாராவது வேடிக்கையாகப் பேசினால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு உனக்குப் புரிந்து நீ சிரிப்பாய், அதைப் பார்த்து நாங்கள் இன்னொரு தடவை சிரிப்போம். நீ போன பிறகு இந்த வீட்டில் எதற்கும் ஒரு தடவைதான் சிரிக்கிறோம் என்று எழுதச் சொன்னாள்.

உன் ஊரில் பரிசோதனை செய்கிற இடத்தின் விலாசமும் நாளும் டாக்டரம்மா எழுதி அதே உறையில் வைத்த சீட்டில் இருக்கிறது, அடுத்த மாதம் ஐந்தாம் தேதி, காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும், மறக்காமல் உன் நோட்டில் இப்போதே எழுதிக்கொள், எழுதிவிட்டு மேலே படி. இன்றைக்குத் தேதி பதினாறு, இந்தக் கடிதம் இருபத்தொன்றுக்குள் உன் கைக்கு வரும் என்று தபால்காரர் சொன்னார். அதற்குப் பிறகு உனக்கு ஒரு வாரம் இருக்கிறது, அவசரம் இல்லை. இருபத்தெட்டாம் தேதி காலை அந்த அறைக்குள் போகும்போது உன்னிடம் இரண்டு காகிதம் இருக்கும், நீ எழுதிய ஒன்று, டாக்டரம்மா எழுதிய ஒன்று. எதைக் கொடுப்பது என்பது உன் இஷ்டம், உனக்கு இருபத்தேழு வயது, நான் சொல்ல மாட்டேன். உன்னுடையதைத்தான் கொடுக்கப் போகிறாய் என்றால் அந்தச் சோம்பல் என்கிற வரியை மட்டும் எடுத்துவிட்டுக் கொடு. இத்தனை வயதுக்கு மேல் எழுத்துக் கற்றுக்கொண்டவன் கேட்கிறேன், பொய்யை எழுதிக் கீழே கையெழுத்துப் போடாதே.

நீ நூறு வயது உன் வேகத்திலேயே நன்றாக இருக்க வேண்டும். உன் அம்மாவும் நானும் இரண்டு கையையும் உன் தலையில் வைத்ததாக நினைத்துக்கொள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் தூங்கு, அது சோம்பல் இல்லை, டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாய், அந்தம்மா என்ன சொன்னார் என்பதைப் போனில் சொல்லாதே, எழுது. என்னவாக இருந்தாலும் நானே படித்துத் தெரிந்துகொள்கிறேன், இரண்டு பக்கத்தையும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கையெழுத்து என்னுடையதுதான், கை நாட்டு இல்லை)